ஒரு கூடை மழைக்காடு

ஜட்கா எங்கள் வாசலில் வந்து நின்றபோது, அதன் பின்னாலேயே ஒரு பசுமாடும் வந்து நின்றது.

ஆனி மாதத்து மத்தியானம். ஸ்ரீரங்கத்தில் கீழ உத்தர வீதி முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. நிறைமாத வயிற்றோடு நான் மட்டும் தூக்கம் வராமல், கூடத்து ஜன்னலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்த ஈரம் வாசனை வருவதற்குள் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட வெயில்.

தட்டியை விலக்கிப் பார்த்தேன். வண்டியின் அடிப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீதி முனையிலிருந்து எங்கள் வாசல் வரை புழுதியில் ஈரக் கோடு. வண்டிக்குள் கோணி சுற்றிய மூன்று பெரிய கூடைகள். அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு பச்சை இலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாடு அதற்காகத்தான் நாக்கை நீட்டிற்று.

"ஐயா, அந்த மாட்டைக் கொஞ்சம் விரட்டுங்க. பாலத்துலேருந்து கூடவே வருது," என்றார் வண்டிக்காரர் காதர் பாய். "என் வண்டியே குளிச்ச மாதிரி ஆயிடிச்சு. உள்ளே ஐஸா வச்சிருக்கீங்க?"

வண்டியிலிருந்து இறங்கியவர் என் கணவர். கோட்டெல்லாம் ஈரம். ஒரு கூடையை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார். அதற்குள் எதிரகத்து ஆண்டாள் மாமி கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏண்டி கோமளம், உங்காத்து மாப்பிள்ளை கூடையில என்ன சொட்டறது?"

வாசலுக்கு வந்த என் அம்மா திருதிருவென்று விழித்தாள். "மாம்பழமா இருக்கும்."

"மாம்பழம் சொட்டுமோ?" மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். "சொட்டற வஸ்து ஒண்ணுதான் உண்டு. அதை என் வாயால சொல்லமாட்டேன்."

சொல்லவும் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள், டாக்டர் மாப்பிள்ளை கூடை கூடையாக மீன் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார் என்ற சேதி உத்தர வீதியைச் சுற்றிவிட்டு, சித்திரை வீதிக்கும் போய்விட்டது.

பிறந்த வீடு, புகுந்த காடு

கூடைக்குள் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், நான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்ல வேண்டும். யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் கணவருக்கு ஆனைமலையின் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டாக்டர் உத்தியோகம். நான் அதுவரை கொள்ளிடத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. என் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் ஒருவர். எங்கள் வீட்டில் பொழுது விடிவதும் அடைவதும் பெருமாள் கணக்கில்தான்.

பொள்ளாச்சியில் ரயிலை விட்டு இறங்கி, மலைப்பாதையில் மோட்டார் ஏறி, வளைந்து வளைந்து மேலே போனபோது ஓர் இடத்தில் வெயில் நின்றுவிட்டது. அணைந்த விளக்குப் போல. பார்த்தால் சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும். உச்சி தெரியவில்லை. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணிக்கு நடுவே ஏதோ ஊதாப் பூ. ஒரு மரத்தின் மேலேயே ஒரு தோட்டம்.

தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அந்தக் காட்டைத் தீவு தீவாக விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் பங்களாவின் பின்கட்டுக் கதவைத் திறந்தால் காடு.

முதல் மழைக்காலத்தில் நான் அழுதேன். ஆனியில் பிடித்த மழை ஆவணி வரை விடவில்லை. உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தீப்பெட்டியை மடியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். துவைத்த புடவையைக் கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உலர்த்துவோம். கட்டிக்கொண்டால் புகை நாறும். ஒரு வாரம் போடாத செருப்பில் காளான் முளைத்திருந்தது. காலில் அட்டை ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எந்த நாளில் அழுகை நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலையில் யாரோ சீட்டியடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பாட்டு தெரியாத ஒருவன் மனம் போனபடி அடிக்கிற சீட்டி. எட்டிப் பார்த்தேன். ஓடைக்கல்லின் மேல் கருநீலத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. சீகாரப் பூங்குருவி என்றார் இவர். அதற்கப்புறம் மழை பெய்தாலும் தினம் காலையில் அந்த ஓடை வரை நடந்தேன். தனியாக. கருமுகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி வைத்த சோலைமந்திகள் மரத்துக்கு மரம் தாவிப் போவதைப் பார்ப்பேன். நான் எங்கே போகிறேன், எப்போது வருகிறேன் என்று கேட்க வீதியில் இருபது ஜன்னல்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் இவருக்கு ஒத்தாசையாகக் கட்டுப் போடவும், பிரசவத்துக்குப் பக்கத்தில் நிற்கவும் கற்றுக்கொண்டேன். தோட்டத்துப் பெண்கள் என்னை "டாக்டரம்மா" என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவின் பயம்

அம்மாவுக்கு அந்த மலை பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முதலில் உண்டான கர்ப்பம் அங்கேயே கலைந்துவிட்டது. அடைமழையில் மண் சரிந்து சாலை மூடிக் கிடந்த சமயம். இவர் இருந்ததால் நான் பிழைத்தேன். சேதி ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது, அம்மா அகத்தில் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லையாம். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் இந்தத் தடவை சித்திரை பிறந்ததுமே என்னைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்த இடத்தில் எனக்கு வெயில் தாங்கவில்லை. இருபது வருஷம் தாங்கின அதே வெயில்தான். ஆனால் உடம்பு மறந்துவிட்டிருந்தது. காவேரி வெறும் மணலாகக் கிடந்தது. மலைக்கோட்டைப் பாறை சாயங்காலம் வரை சூட்டைக் கக்கும். எனக்குச் சாதம் இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஓடைச் சத்தம் கேட்டது.

"அட்டை கடிக்கிற ஊருக்கு ஏங்கறவளை நான் எங்கேயும் பார்த்ததில்லை," என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே நீர்மோரில் இன்னும் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடுவாள்.

அதோடு நிற்கவில்லை. அப்பாவிடம் முன்பு பிரபந்தம் படித்த ஒருவர் மூலமாக, திருச்சிப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இவருக்கு வேலைக்கும் சொல்லிவைத்துவிட்டாள். இவர் வரவேண்டியது, அவர்களைப் பார்க்கவேண்டியது, மலையை விட்டு இறங்கவேண்டியது. அப்படிப் பார்ப்பதற்காக இவர் வந்து இறங்கிய நாள்தான் அந்த ஜட்கா வந்த நாள்.

கிணற்றடியில் காடு

கூடைகளை நேராகப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், கோணியைப் பிரித்தார்.

பங்களாவுக்குப் பின்னால் மழையில் முறிந்து விழுந்த ஒரு கிளையை, அதன்மேல் இருந்த பாசி, பெரணி, பூச்செடி எல்லாவற்றோடும் துண்டு துண்டாக அறுத்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் தண்ணீர் ஊற்றினாராம். அந்த வாசனை! நனைந்த மரப்பட்டையும், மக்கிய இலையும், மழையும் கலந்த வாசனை. நான் கூடையின் மேல் குனிந்து முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"சித்திரையில கிளம்பறச்சே ஒரு பிடி ஈரம் கொண்டுவரச் சொன்னியே," என்றார்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குக் கொண்டுவரலை."

அன்று ராத்திரி நான் இரண்டு தடவை ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், கூடைகளுக்கு அம்மாவே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கூடைகளைக் கிணற்றடி மாதுளை மரத்தில், கல்தொட்டிக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டோம். மறுநாள் சாயங்காலம் அப்பா கிணற்றடியில் மேற்கே பார்த்து சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று மரத்திலிருந்து பச்சையாக ஏதோ பறந்து வந்தது. குதிக்கவில்லை, பறந்தது. நாலு காலையும் விரித்து, விரல்களுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் சவ்வு குடை மாதிரி விரிய, மிதந்து வந்து அப்பாவின் தோளில் ஒட்டிக்கொண்டது.

அப்பா அசையவில்லை. மந்திரத்தையும் நிறுத்தவில்லை. கையில் இருந்த தீர்த்தத்தை விட்டு, ஜபத்தை முடித்து, நமஸ்காரம் பண்ணாமல் நின்றபடியே, "பத்மா, என் தோள்ல இருக்கிறது யாரு?" என்றார்.

பறக்கும் தவளை. பாசிக்குள் ஒளிந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்தது. ஒன்று இல்லை, இரண்டு.

அம்மா கத்திய கத்தலில் ஆண்டாள் மாமியே ஓடி வந்துவிட்டாள்.

நுரை

சில நாள் கழித்து அம்மா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். "யாருடி இது, தொட்டிக்கு மேல இலையில சீயக்காய் நுரையைக் கொட்டினது?"

தொங்கிய பெரணி இலைகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே கைப்பிடி அளவுக்கு வெள்ளை நுரை. இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அது தவளையோட கூடும்மா. உள்ளே முட்டை இருக்கு. பொரிஞ்சதும் குஞ்செல்லாம் நேரா கீழே தண்ணியில விழும். அதுக்காகத்தான் தண்ணிக்கு மேலயா பார்த்துக் கட்டறது."

அம்மா நுரையைப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். "காஞ்சு போயிடாதோ?"

"போயிடும். அங்கே நாள் பூரா தூறிண்டே இருக்கும். இங்கே..."

அம்மா உள்ளே போய்ப் பனையோலைத் தடுக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாதுளைக் கிளையில் பந்தல் மாதிரி கட்டினாள். செம்பில் தண்ணீர் எடுத்து விரல் நுனியால் தெளித்தாள். அன்று முதல் நாளைக்குப் பல தடவை அதுதான் அவள் வேலை. காக்கை வந்தால் விரட்டினாள். யாரும் தொட்டித் தண்ணீரைத் தொடக் கூடாது என்றாள். எனக்கு வலி எடுத்த காலையிலும், மருத்துவச்சிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, நுரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பெண் குழந்தை. நல்ல கனம், நல்ல குரல். இவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன்.

அதே சமயத்தில் காவேரியில் புதுத்தண்ணீர் வந்தது. அப்பா நனைந்த வேஷ்டியோடு படித்துறையிலிருந்து ஓடி வந்து சொன்னார். இவர், "எங்க மலைக்கு அந்தப் பக்கம் பெய்யற மழைதான் அமராவதியா ஓடிக் கரூர் கிட்டே காவேரியில சேர்றது," என்றார்.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்போ இத்தனை வருஷமா நான் உங்க காட்டுத் தண்ணியிலயும்தான் ஸ்நானம் பண்ணிண்டிருக்கேனா? சொல்லவே இல்லையே, மாப்பிள்ளை!"

குழந்தைக்குத் தொட்டில் போடுவதற்கு முன்னாலேயே, நுரை உருகித் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தொட்டியில் விழுந்தன. அம்மா வீதியையே கூப்பிட்டுவிட்டாள். ஆண்டாள் மாமி கண்ணை இடுக்கிக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தாள். வாலை ஆட்டிக்கொண்டு நீந்தியவற்றைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனோ இல்லையோ? மீன்தான்!"

கூஜா

புத்தூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் இவரைப் பார்த்துப் பேசியிருந்தார்கள். தை மாதம் வந்து சேரலாம் என்றார்கள். மலைக்குத் திரும்புமுன் இவர் என்னிடம் கேட்டார். "வேலை இருக்கு. நீ சொல்றபடி செய்வோம்."

"எனக்கு அங்கேதான் இருக்கணும்," என்றேன்.

கதவோரம் நின்றிருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "போன தடவை நடந்தது உனக்கு மறந்து போச்சா?"

"மறக்கலைம்மா."

"அப்புறம்?"

மறக்காமலேயே அங்கே இருக்க ஆசைப்பட்டேன். அதை எப்படிச் சொல்வது?

அம்மா எழுந்து குழந்தையின் தொட்டிலை ஆட்டினாள். "நானும் வரேன். பத்து நாள் இருந்து என் கண்ணால பார்க்கறேன். சரியா படலேன்னா உன்னையும் குழந்தையையும் கையோட அழைச்சிண்டு வந்துடுவேன். மாப்பிள்ளை புத்தூருக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்மா," என்றார் இவர்.

ஐப்பசியில் இவர் மறுபடி வந்து அழைக்க, கிளம்பினோம். அதற்குள் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்து வால் குறுகிவிட்டது. பெரிய தவளைகள் இரண்டையும் பாசி போட்ட கூடையில் வைத்துக்கொண்டோம். குஞ்சுகளைப் பித்தளைக் கூஜாவில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, அம்மாவே மடியில் வைத்துக்கொண்டாள். திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு ஸ்டேஷனில் ஏறிய அம்மாள் ஒருத்தி, "குழந்தை தாகமா இருக்குங்க, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்," என்று கூஜாவைக் காட்டிக் கேட்டாள்.

"அதுல தவளை இருக்கும்மா," என்றாள் அம்மா.

அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

மழை பெய்த ஒரு மத்தியானம்

மலைக்குப் போன மறுநாளே எல்லாத் தவளைகளையும் ஓடைக்கரையில் விட்டோம். திரும்பி வந்ததும் அம்மா தன் பாதத்தைப் பார்த்து, "குங்குமம் எங்கேடி கொட்டித்து?" என்றாள். குங்குமம் இல்லை, அட்டை கடித்த ரத்தம். பத்து நாளில் முதல் நாள் நமக்குத் தோல்விதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வாசலுக்கு ஓடினாள். "மாப்பிள்ளை வந்துட்டார், கார் சத்தம் கேட்கறது!" கார் இல்லை. தலைக்கு மேலே பனித்திரைக்குள்ளிருந்து இரண்டு பெரிய பறவைகள், மஞ்சள் மூக்கின் மேல் இன்னொரு மூக்கு வைத்தாற்போல, ரயில் எஞ்சின் மூச்சுவிடுகிற சத்தத்தில் சிறகடித்துக்கொண்டு போயின. இருவாச்சிகள். அவை போன பின்பும் அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கென்று கலந்து வைத்த காப்பியை நான் குடித்தேன்.

அப்புறம் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் இவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஓடை பெருகிச் சாலையை மறித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, இலை பறிக்கிற மாரியாயியைக் கம்பளியில் சுற்றி எங்கள் பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம்.

"ஐயா எங்கங்க டாக்டரம்மா?" என்று அவள் புருஷன் கேட்டான்.

"ஐயா வர நேரமாகும். நான் இருக்கேன்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அதுவரை பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை.

திரும்பினால் அம்மா. ஒரு கையில் என் குழந்தை. "வெந்நீர் எவ்வளவு வேணும்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

தகரக் கூரையில் மழை இடித்ததில் பேசுவது காதில் விழவில்லை. கைஜாடையில்தான் எல்லாம் நடந்தது. கடைசியில் அந்த இரைச்சலையும் மீறி ஒரு சின்ன அழுகை கேட்டது. மாரியாயி சிரித்தாள். நான் அழுதேன். அம்மா, மடி ஆசாரம் பார்த்துப் பழகிய என் அம்மா, தன் ஒன்பது கஜத் தலைப்பில் அந்தக் குழந்தையை வாங்கித் துடைத்துவிட்டு, "பிள்ளைக் குழந்தை," என்று அதன் அப்பனிடம் உரக்கச் சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு இவர் இடுப்பு வரை நனைந்து ஓடி வந்தார். அம்மாதான் எதிரே போனாள்.

"எல்லாம் ஆச்சு. உங்க ஆத்துக்காரி பார்த்துண்டுட்டா. நீங்க தலையைத் துவட்டிக்கோங்கோ." கொஞ்சம் நின்று, "புத்தூர்க்காராளுக்கு வேண்டாம்னு எழுதிப் போட்டுடுங்கோ," என்றாள்.

பத்து நாளுக்கென்று வந்தவள், வைகுண்ட ஏகாதசிக்கு வந்தே ஆகவேண்டும் என்று அப்பா இரண்டு தடவை எழுதிய பிறகுதான் மலையை விட்டு இறங்கினாள்.

தேருக்கு வந்தபோது

சித்திரைத் தேருக்கு நான் குழந்தையோடு ஸ்ரீரங்கம் வந்தேன். வீதி முனையில் திரும்பும்போதே எங்கள் வாசலில் கூட்டம் தெரிந்தது. என்னவோ ஏதோ என்று பதறிப்போய் வண்டியை விட்டு இறங்கினேன்.

நடுவில் அம்மா. இரண்டு கையிலும் இரண்டு முறம். அவற்றை மேலும் கீழும் வீசி, வாயால் "உஷ்... உஷ்..." என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வீதிப் பெண்கள் அத்தனை பேரும்.

"இப்படித்தான் இருவாச்சி வரும், ரயில் மாதிரி. இந்த மாசமெல்லாம் பொம்மனாட்டிப் பட்சி மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சிண்டுடும். மூக்கு நுழையற அளவுக்குத்தான் சந்து விட்டிருக்கும். முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சு, மாசக்கணக்கா உள்ளேயேதான். ஆம்பிளைப் பட்சி நாள் பூராக் காடு காடா அலைஞ்சு, பழம் கொண்டுவந்து கொண்டுவந்து ஊட்டும்."

ஆண்டாள் மாமி முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். "மாசக்கணக்கா?"

"மாசக்கணக்கா."

"ஒரு வேளைகூட இவளைச் சமைக்கச் சொல்லாதோ?"

"சொல்லவே சொல்லாது."

மாமி எழுந்து வந்து அம்மாவின் கையிலிருந்த ஒரு முறத்தை வாங்கிக்கொண்டாள். "எங்கே, எனக்குச் சொல்லிக் குடு. எப்படி வீசணும்?"